வெள்ளச்சி இழுத்த வருஷம்

மருதம்மாளிடம் யாராவது நலம் விசாரித்தால் அவளிடம் ஒரே பதில்தான். "எனக்கென்ன குறைச்சல்?" ஜப்பான்காரன் வந்து அரிசிப் பங்கீட்டைப் பாதியாக்கிய மாதத்திலும் அதையேதான் சொன்னாள். இருந்த ஒரே சேலை கிழிந்து, கீழ்ப்பாதிக்குக் கோணிச்சாக்கை ஒட்டுப்போட்டுக் கட்டிக்கொண்ட நாளிலும் அதையேதான் சொன்னாள். கேட்டவர்களுக்குத்தான் ஏன் கேட்டோம் என்று ஆகிவிடும். திமிர் பிடித்தவள் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பேசிக்கொண்டார்கள். திமிர்தான், யார் இல்லை என்றது? அந்த நாட்களில் தோட்டத்து ஜனங்களிடம் ஜப்பான்காரன் பிடுங்காமல் விட்டது அது ஒன்றுதான். அதையும் தானாகக் கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

1944ஆம் வருஷம் மாட்டுப் பொங்கல் காலையில், மலாயாவில் சுங்கை லாலாங் ஊருக்கு உள்ளே இருந்த பாலத்தடித் தோட்டத்து ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று, அவள் தன் பசு வெள்ளச்சியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கரையில் கொய்யா மரக்கிளையில் கட்டிய ஏணையில் ஒன்றரை மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தேங்காய் நாரால் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தவள், கழுத்துக்கு வந்ததும் கையை மெதுவாக்கினாள். பசுவின் கழுத்தில் இருக்கவே கூடாத ஒன்று அங்கே இருந்தது. நுகத்தடி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தோல். காளையின் கழுத்தில் இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். பசுவின் கழுத்தில் இருந்ததால் ஆடி மாதத்திலிருந்து லயத்துக்கு வேறு பேச்சே இல்லை.

"இந்தக் கழுத்து மட்டும் இல்லாட்டி இன்னிக்கி அந்த மனுசன் எங்கயோ, நான் எங்கயோ" என்று பசுவிடமே சொன்னாள். போன பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரைக்கும் நடந்ததை நினைத்தால் அவளுக்கே மலைப்பாக இருந்தது. ஒரு ஆயுசுக்கான அழுகையும் சிரிப்பும் ஒரே வருஷத்தில் வந்து போயிருந்தன.

மருதம்மாள் அதே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரம் வெட்டத் தொடங்கியபோது கூடவேலை செய்த பெண்கள் சம்பளத்தில் வளையலும் ரிப்பனும் வாங்கினார்கள். இவள் ஒரு கிடேரிக் கன்றை வாங்கினாள். வண்டிக்காரன் பக்கிரிசாமிக்குக் கழுத்தை நீட்டிய அன்று, சீர்வரிசை எங்கே என்று கேட்டவர்களுக்குக் கன்றைக் காட்டினாள். கன்று வளர்ந்து பசுவாயிற்று. ஆனால் சினை பிடிக்கவே இல்லை. இவளுக்கும் இரண்டு முறை கரு தங்கி நழுவிப்போயிற்று, அப்புறம் தங்கவும் இல்லை. மலட்டுப் பசுவும் மலட்டுப் பொம்பளையும் நல்ல ஜோடி என்று வாய் கூசாமல் சொன்னவர்கள் உண்டு. மாட்டு வியாபாரி ஒருவன் வெள்ளச்சியைக் கறிக்குக் கேட்டு வந்தபோது, "நானும்தான் பெறல. என்னையும் சேத்து ஓட்டிக்கிட்டுப் போறியா?" என்று கேட்டாள். அவன் வந்த வழியே போய்விட்டான்.

பக்கிரிசாமிக்கு வேறு கிறுக்கு. அவனிடம் ஒரு ஜோடிக் காளைகள் இருந்தன. மயிலை, செவலை. மயிலை அழகன், பீடோங் டவுன் வரைக்கும் அதன் கொம்புக்குப் பேர் உண்டு. செவலைக்கு அழகும் இல்லை, நல்ல பழக்கமும் இல்லை. பிடிக்காத வேலை என்றால் நடு ரோட்டில் படுத்துவிடும். அடித்தாலும் எழாது, கெஞ்சினாலும் எழாது. பக்கிரிசாமி அதன் காதில் மெல்ல ஊதி, ஏதோ முணுமுணுத்தால்தான் எழும். என்ன முணுமுணுப்பான் என்று பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை.

போன வருஷப் பொங்கலின்போது தோட்டத்தில் பால் வெட்டு நின்றுபோயிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போயிருந்தார்கள். ஆபீசுக் கணக்கரான பெரிய கிராணி தர்மலிங்கம்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். ஜப்பான்காரன் சொன்னபடி கித்தா என்ற ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளிக் கிழங்கு போட்டார்கள். அந்தக் கிழங்கைப் பீடோங்கில் இருந்த ஜப்பான் கிடங்குக்கு ஏற்றிப் போவது பக்கிரிசாமியின் வண்டியும் தோட்டத்து லாரியும்தான். பொங்க வைக்க அரிசி இல்லாவிட்டாலும் மாட்டுப் பொங்கலை விட யாருக்கும் மனமில்லை. மாடுகளைக் குளிப்பாட்டி மாலை போட்டு, மாரியம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு வருவதென்று முடிவாயிற்று.

மருதம்மாள் வெள்ளச்சிக்கும் ஒரு மாலை கட்டி வைத்திருந்தாள். கோயில் வாசலில் பிச்சையம்மாள் மறித்தாள். பிச்சையம்மாள்தான் அந்த லயத்துக்கே பிள்ளைப்பேறு பார்க்கிறவள். கோயில் காரியத்தில் பெண்கள் பக்கத்துக்கு அவள் வாக்குதான் வாக்கு.

"மலட்டுப் பசுவச் சாமி சுத்தக் கொண்டாராதடி மருது. நாலு புள்ளத்தாச்சி நிக்கிற எடம்."

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னது மருதம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. பசுவைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. வெள்ளச்சியை லயத்துக்குப் பின்னால் புதர் ஓரமாகக் கொண்டுபோய்க் கட்டினாள். திரும்பி வந்து, அதற்குக் கட்டிய மாலையையும் சேர்த்து மயிலைக்கே போட்டாள். யுத்தத்துக்கு முன்னால் ஸ்டோரிலிருந்து வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த சிவப்புச் சாயத்தைக் கொம்பு முழுக்கப் பூசினாள். வெண்கல மணியைக் கட்டினாள்.

"கோயிலச் சுத்துனாப் போதாதுய்யா. பெரிய ரோட்டு வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போ. நம்ம மாட்ட ஊரு பாக்கட்டும்" என்றாள்.

"ரோட்டுல லோரி போவுது புள்ள" என்று பக்கிரிசாமி இழுத்தான்.

"போனாப் போவுது. மாட்டுப் பொங்கலன்னிக்கி மாட்ட ஒளிச்சு வெக்கிறவன் வண்டிக்காரனா?"

அதற்கு மேல் அவன் என்ன பேசுவான்? மேளத்தோடு பெரிய ரோட்டுக்குப் போனார்கள். ஊர் பார்த்தது. ஊரோடு சேர்ந்து ஒரு ஜப்பான் அதிகாரியும் பார்த்தான். லாரியை நிறுத்தி இறங்கி, சிரித்துக்கொண்டே மயிலையின் திமிலைத் தட்டிக்கொடுத்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள். மருதம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் அதே லாரி லயத்து வாசலில் வந்து நின்றது. பலகை சாய்த்து மயிலையை ஏற்றினார்கள். அது அப்பாவி, சொன்னபடி ஏறிக்கொண்டது. செவலை பலகையைப் பார்த்தது, படுத்துவிட்டது. சிப்பாய்கள் இழுத்துப் பார்த்தார்கள், உதைத்துப் பார்த்தார்கள். பக்கிரிசாமியைக் கூப்பிட்டு எழுப்பச் சொன்னார்கள். அவன் குனிந்து காதில் ஊதாமல் சும்மா நின்றான். கன்னத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடியும் சும்மா நின்றான். அவசரத்தில் அதை விட்டுவிட்டுப் போனார்கள். மயிலையின் கழுத்து மணிச்சத்தம் செம்மண் பாதை முழுக்கக் கேட்டுக்கொண்டே போயிற்று.

புதர் ஓரத்தில் கட்டிக் கிடந்த வெள்ளச்சியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாமி சுற்ற லாயக்கில்லை என்று ஒதுக்கியதால் அது பிழைத்தது.

அந்த இழப்புக்குத் தன் வாய்தான் காரணம் என்று மருதம்மாளுக்குத் தெரியும். பக்கிரிசாமி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் அவளை அதிகம் வாட்டியது. ஒற்றைக் காளையை வைத்துக்கொண்டு அந்த வண்டியை ஓட்ட முடியாது. கேட்ட இடத்திலெல்லாம் காளை இல்லை என்றார்கள். வண்டிக்காரன் மண்வெட்டி எடுத்துக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போனான். கிழங்கை ஏற்றத் தோட்டத்து லாரி இருந்ததால் கிராணியும் அவனை மறந்துவிட்டார்.

பங்குனியில் மருதம்மாளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. சித்திரையிலும் வரவில்லை. மூன்றாம் மாதமும் தாண்டியபோதுதான் புருஷனிடம் வாயைத் திறந்தாள். அவன் கேட்டுவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "செவலகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றான். அன்று இருவரும் வெறும் கிழங்கைத் தின்றுவிட்டுக் கலியாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அதே சமயத்தில்தான் சயாம் பேச்சு தொடங்கியது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், அரிசி உண்டு, துணி உண்டு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆள் சேர்த்தார்கள். வைகாசியில் முதல் கூட்டம் போயிற்று. பிச்சையம்மாளின் ஒரே மகன் பரஞ்சோதி அதில் போனான். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன். புதுத் துணியோடு வருவேன் என்று சிரித்துக்கொண்டே ஏறினான். அவனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. வந்த தகவல்கள் எல்லாம் வேறு தோட்டத்து ஆட்களைப் பற்றியவை, அவற்றில் ஒன்றுகூட நல்லதாக இல்லை. பிச்சையம்மாளின் வாய் அதற்குப் பிறகு இன்னும் கசந்துபோயிற்று.

ஆடி பிறந்தபோது தோட்டத்து லாரியையும் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். கூடவே இரண்டாம் கூட்டத்துக்கு ஆள் கேட்டான். இந்த முறை யாரும் விரும்பிப் போவதாக இல்லை, கிராணிதான் பெயர் எழுதித் தர வேண்டும். தர்மலிங்கம் கெட்டவர் அல்ல. பயந்தவர். பயந்தவர் கையில் அதிகாரம் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பக்கிரிசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். மருதம்மாளும் கூடப் போனாள்.

"பக்கிரி, ஒளிக்காமச் சொல்றேன். லோரி போயிடுச்சு. கெடங்குக்குக் கெழங்கு போகலைன்னா அடி எனக்கு. வண்டி ஓட்டறவனச் சயாமுக்கு எடுக்கமாட்டாங்க, அது அவங்களே சொன்னது. உன் வண்டி ஓடினா உன் பேர நான் தொடமாட்டேன். திங்கக்கெழமைக்குள்ள ஜோடி மாட்டோட ஆபீசு வாசல்ல வந்து நில்லு. இல்லைன்னா என்னால ஒண்ணும் ஆவாது."

"ஒத்தக் காளைதானுங்களே கிராணியாரே இருக்கு" என்றான் பக்கிரிசாமி.

"அதுக்கு நான் என்னப்பா செய்ய?"

திரும்பும்போது மருதம்மாள் வேகமாக முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போய் வெள்ளச்சியைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள். ஈனாத உடம்பு. எலும்பு திடமாக இருந்தது, கால் உறுதியாக இருந்தது. அவள் என்ன பார்க்கிறாள் என்று பக்கிரிசாமிக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் புள்ள. அத மட்டும் சொல்லாத."

"சொல்லத்தான்யா போறேன்."

"பசுவ நொகத்துல பூட்டுறதா? எங்கப்பன் வண்டி ஓட்டுனாரு, அவரு அப்பன் ஓட்டுனாரு. பசுவப் பூட்டுனவன்னு ஒருத்தன் எங்க வம்சத்துல இல்ல. அதுக்கு நான் சயாமுக்கே போயிடுறேன்."

"போயிட்டு?"

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறையாகத் தங்கியிருந்த பிள்ளை அப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தது. மயிலையைத் தன் வாயால் தொலைத்தாள். புருஷனையும் தொலைக்க அவள் தயாராக இல்லை. பாவம் என்றால் பாவம், அதைப் பிறகு சாமியிடம் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டாள். அப்படி முடிவு செய்தால் அவளை அசைக்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் வண்டிப் பக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவளே நுகத்தடியைத் தூக்கினாள். செவலையை ஒரு பக்கம் நிறுத்தினாள். வெள்ளச்சியின் நெற்றியில் திருநீறு பூசி, "எனக்குப் பிள்ளையா நெனச்சுத்தான் உன்ன வளத்தேன். பிள்ளதானே குடும்பத்தத் தாங்கணும்?" என்று சொல்லி மறுபக்கம் பூட்டினாள். பூட்டாங்கயிற்றை இறுக்கி முடிந்தாள். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிச்சையம்மாள் மட்டும் நடுவாசலுக்கு வந்து நின்றாள்.

"அடியே, பசுவப் பூட்டுறவ வயித்துல புள்ள தங்குமாடி? எம்புள்ள போயிட்டான், போனவன் போனவன்தான். உம்புருசன் மட்டும் பாவத்து மேல நின்னு தப்பிக்கணுமா?"

மருதம்மாள் பயந்தாள். அவள் பயந்ததே இல்லை என்று பிற்பாடு சொன்னவர்கள் எல்லாம் அவள் முகத்தை அன்று சரியாகப் பார்க்காதவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து கயிற்றைச் சுண்டினாள். வெள்ளச்சி ஒன்றும் புரியாமல் ஓரடி வைத்தது, அப்புறம் இன்னொன்று. வண்டி நகர்ந்தது.

கோயிலைத் தாண்டி ஆபீசு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் செவலை நின்றது. பக்கத்தில் இருப்பது மயிலை இல்லை என்று அதற்கு அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, நடு ரோட்டில் படுத்துவிட்டது. நுகம் சாய்ந்தது. வெள்ளச்சி தலை வளைந்து தடுமாறியது. மருதம்மாள் இறங்கிப் போய்ச் செவலையின் காதில் ஊதினாள். கெஞ்சினாள். திட்டினாள். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பின்னால் லயம், முன்னால் ஆபீசு வாசலில் கிராணி, நடுவில் அவள். அழக்கூடாது என்று கண்ணை அகல விழித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஓடி வரும் காலடி கேட்டது. பக்கிரிசாமி மூச்சிரைக்க வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து நுகத்தைப் பார்த்தான், வெள்ளச்சியின் கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"பசு பக்கம் பாரம் ஏறுது. இப்புடி ஓட்டுனா கழுத்து புண்ணாயிடும்."

அவ்வளவுதான் சொன்னான். முடிச்சை அவிழ்த்து, ஏர்க்காலைச் செவலை பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, பாரம் அதன் தோளில் விழும்படி இழுத்துக் கட்டினான். இடுப்பிலிருந்த துண்டை எடுத்து மடித்து, வெள்ளச்சியின் கழுத்துக்கும் நுகத்தடிக்கும் நடுவில் வைத்தான். பிறகு குனிந்து செவலையின் காதில் ஊதி ஏதோ முணுமுணுத்தான். அது எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

"நீ ஏறாத, நட புள்ள. வண்டி குலுக்கும்" என்றான்.

அப்படி அவன் சொன்னபோது மருதம்மாளுக்கு வந்த சந்தோஷத்தை அவள் அந்த வருஷத்தின் உச்சம் என்றே வைத்திருந்தாள். பிள்ளை பிறந்தது எல்லாம் அதற்கு அப்புறம்தான். கிராணி ஆபீசு வாசலில் ஜோடியைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "ஜோடின்னுதானே சொன்னீங்க?" என்று மருதம்மாள் கேட்டாள். அவர் கிழங்குக் கொட்டகையைக் கை காட்டினார். பக்கிரிசாமியின் பெயரைத் தொடவில்லை.

அன்றிலிருந்து வெள்ளச்சி இழுத்தது. மழையில் இழுத்தது, சேற்றில் இழுத்தது. செவலை அதன் பக்கத்தில் பூட்டினால் படுப்பதே இல்லை. பெண்ணுக்கு முன்னால் வெட்கம் என்று பக்கிரிசாமி சொல்லிச் சிரித்தான். ஐப்பசியில் தோட்டம் இருந்த கெடா மாநிலத்தையே சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டதாக ஜப்பான்காரன் அறிவித்தபோது, "நீ சயாமுக்குப் போகலைன்னு சயாமே உன்னத் தேடி வந்துடுச்சு பாரு" என்று மருதம்மாள் புருஷனைச் சீண்டினாள். லயத்தில் மட்டும் பலர் அவர்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பிச்சையம்மாள் எதிரே வந்தால் வழி மாறிப் போனாள். இரவில் படுத்தால் அவள் கேட்ட கேள்வி மருதம்மாளின் வயிற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. பகலில் அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை வலி கண்டது. லயத்தில் பிள்ளைப்பேறு பார்க்கத் தெரிந்தவள் ஒருத்திதான். பக்கிரிசாமி அந்த வீட்டு வாசலில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிச்சையம்மாள் அவனைப் பார்த்ததும் கோடாலி முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்தாள். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். வந்து நுழைந்தும் திட்டினாள். வலியில் துடித்த மருதம்மாள், "தங்குமாக்கா? சொல்லுக்கா, தங்குமா?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிச்சையம்மாள் ஒரு கணம் திட்டுவதை நிறுத்தினாள்.

"ஏதோ வயிறெரிஞ்சு சொன்னதுடி. அதப் புடிச்சுத் தொங்காத. முக்கு."

வெயில் ஏறும் முன் பிள்ளை பிறந்தது. லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதது. "பொட்டப்புள்ள. வாயப் பாரு, அப்புடியே உன் வாயி" என்று பிச்சையம்மாள் அதைத் துடைத்து மருதம்மாளின் மார்பில் போட்டாள். போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இவ்வளவும் அந்த ஒரு வருஷத்தில் நடந்தது. ஓடையில் மருதம்மாள் கடைசியாக ஒரு குடம் தண்ணீரை வெள்ளச்சியின் கழுத்தில் ஊற்றினாள். மஞ்சளை இழைத்துக் காய்த்த இடத்தில் பூசினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பசுவை ஓட்டி வீட்டுக்கு வந்தாள். வாசலில் பானையில் கிழங்குத் துண்டோடு ஒரு பிடி அரிசி பொங்கிக்கொண்டிருந்தது. பக்கிரிசாமி செவலையின் கொம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். சாயம் இல்லை, மணி இல்லை, மேளம் இல்லை. இந்த வருஷம் பெரிய ரோட்டுக்குப் போகும் யோசனை யாருக்கும் இல்லை.

அப்போதுதான் கிராணி வேகமாக நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பக்கிரி, கெடங்குலேந்து ஆள் வந்திருக்கு. மத்தியானத்துக்குள்ள ஒரு வண்டிக் கெழங்கு வேணுமாம். ரயில்ல ஏத்தணுமாம்."

"இன்னிக்கிங்களா? மாட்டுப் பொங்கலுங்க. மாட்டப் பூட்டுற நாளா இது?"

"எனக்குத் தெரியாதா? அவனுக்குத் தெரியணுமேப்பா. போகலைன்னா வண்டி எதுக்கு, வண்டிக்காரன் எதுக்குன்னு கேப்பான். சயாமுக்குப் புதுசா ஆள் கேட்டு ஓலை வந்திருக்கு" என்றார் கிராணி. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டார்.

பக்கிரிசாமி பெருமூச்சு விட்டுவிட்டு நுகத்தடியை எடுக்கப் போனான். மருதம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"வெய்யி அத. இன்னிக்கி வெள்ளச்சி நொகத்தப் பாக்காது."

"அப்ப என்னைய என்ன செய்யச் சொல்ற?"

"ஆடியிலேந்து நமக்காகச் சொமக்குது. எல்லா மாட்டுக்கும் ஒரு நாள் லீவு உண்டு. அதுக்கு மட்டும் இல்லியா? மத்த நாள்ல அது வண்டிமாடு. இன்னிக்கி அது சாமி. சாமியப் பூட்ட நான் விடமாட்டேன்."

"மருது, கெழங்கு போகணும்."

"போவும். இழுக்க நமக்குக் கையில்லியா, காலில்லியா?"

சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கிராணியின் கையில் கொடுத்தாள். அந்த மனிதர் பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் திகைத்து நிற்க, இவள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் முன்னால் போய் நுகத்தடியின் ஒரு பக்கம் நின்றாள். வெள்ளச்சி நிற்கும் பக்கம். பக்கிரிசாமி அவளைப் பார்த்தான். செவலை நிற்கும் பக்கம் போய்த் தோளைக் கொடுத்தான். சாமி கும்பிட வெளியே வந்த ஜனங்கள் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டி அசையவில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன் பிள்ளை பெற்ற உடம்பு, எவ்வளவு தள்ளும்?

"நகருடி."

பிச்சையம்மாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தாள். மருதம்மாளின் தோளைப் பிடித்து விலக்கிவிட்டு, அவள் நின்ற இடத்தில், நுகத்தடியின் கீழே போய் நின்றாள்.

"பச்ச ஒடம்புக்காரி, உனக்கு எதுக்குடி இந்த வீராப்பு? பசுவப் பூட்டுனாப் பாவம்னு சொன்னவ நான். நான் இழுக்குறேன், நகரு."

"அக்கா..."

"இப்புடி ஒரு வழி இருக்குன்னு வைகாசியில எனக்குத் தோணலியே மருது. தோணியிருந்தா எம் பரஞ்சோதிக்கு நானே கழுத்தக் குடுத்திருப்பேன்." அவள் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்கத் திரும்பி ஜனங்களைப் பார்த்துக் கத்தினாள். "என்ன வேடிக்க? இவன் ஒருத்தனாச்சும் இருக்கட்டும். வந்து தள்ளுங்க!"

முதலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு ஆடியில் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆண்கள் வந்தார்கள். சிலர் கயிறு கட்டி இழுத்தார்கள், சிலர் சக்கரத்தைத் தள்ளினார்கள். வண்டி கிழங்குக் கொட்டகைக்குப் போயிற்று. மூட்டை ஏறியது. பீடோங் ரோட்டை நோக்கித் திரும்பியது. "பிச்சையக்கா, பாதி வழியில படுத்துடாத, காதுல ஊத ஆளில்ல!" என்று யாரோ கத்தினார்கள். "நான் படுத்தா நீ தூக்கணும்டா!" என்று பதில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அந்த வருஷத்தில் பாலத்தடித் தோட்டம் அப்படிச் சேர்ந்து சிரித்ததில்லை.

மருதம்மாள் பிள்ளையைக் கிராணியிடமிருந்து வாங்கிக்கொண்டு வண்டி திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதால் அல்ல, கிராணி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "நல்லாத்தானேம்மா இருக்கே?" என்று அவர் தயங்கிக் கேட்டார்.

அவள் பானைப் பக்கம் திரும்பினாள். பானையிலிருந்து முதல் கவளத்தை வாழை இலையில் எடுத்து ஆற வைத்தாள். வெள்ளச்சியின் கழுத்தில் மாலையைப் போட்டாள். போன வருஷம் அதற்குப் போட முடியாமல் போனதற்குப் பதில் கட்டிய மாலை. ரோட்டுப் பக்கமிருந்து, மூச்சிரைப்புக்கு நடுவே, வண்டி இழுப்பவர்கள் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவுவது கேட்டது. மருதம்மாள் கவளத்தைப் பசுவின் வாயில் ஊட்டிவிட்டு, மஞ்சள் பூசிய அதன் கழுத்தோடு தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நமக்கென்னடி குறைச்சல்?" என்றாள்.